தவறவிடக் கூடாத பிள்ளைகள்: அன்றும் இன்றும்

1980களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஏழைப் பகுதிப் பள்ளி ஒன்றில், முதல் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ‘சாப்டர் ஒன்’ என்னும் மத்திய அரசு நிதியில் நியமிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் தினமும் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போய்ப் பயிற்சித்தாள்களை நிரப்பச் சொல்வார். அந்த நேரத்தில் வகுப்பில் நடந்த பாடம் பிள்ளைக்குப் போய்விடும். ஆண்டுக் கடைசியில் ஃபெயில். அதே வகுப்பில் இன்னொரு வருடம். அதற்குப் பிறகும் தேறவில்லை என்றால் உளவியலாளர் வந்து சோதிப்பார். கற்றல் குறைபாடு என்று எழுதிச் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினாறு, பதினேழு வயதில் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும்போது யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இதில் கடமை தவறியவர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. வகுப்பாசிரியர் பாடம் எடுத்தார், துணை ஆசிரியர் பயிற்சி கொடுத்தார், தலைமையாசிரியர் விதிப்படி நிறுத்திவைத்தார், உளவியலாளர் சான்று எழுதினார். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்து முடித்த பிறகும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை.

நகரமும் அப்போது இறங்குமுகத்தில் இருந்தது. 1950இல் கிட்டத்தட்ட ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்த பால்டிமோரில் 1990இல் மிஞ்சியவர்கள் 7,36,000 பேர். ஸ்பாரோஸ் பாயிண்ட் இரும்பாலையில் ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டன. அவர்கள் கட்டிய வரிப்பணமும் கூடவே போய்விட்டது. நகரப் பள்ளிகளில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைப் பிள்ளைகள்.

1986இல் இந்த நகரத்தின் பள்ளி நிர்வாகம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை அணுகியது. நகரப் பள்ளித் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஆலிஸ் பிண்டர்ஹியூஸ். பேச்சைத் தொடங்கிவைத்தவர், அதற்கு முன்பு மாநில அரசில் மனிதவளத் துறைச் செயலராக இருந்த கால்மன் ஹெட்டில்மன். ஏழைப் பிள்ளைகள் மட்டுமே படிக்கிற ஒரு பள்ளியில், ஒருவர் விடாமல் எல்லோரும் தேறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அங்கே கல்வி ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஸ்லேவின். அப்போது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார்.

கல்வி ஆய்வாளரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. சராசரியை எவ்வளவு உயர்த்தலாம் என்றுதான் கேட்பார்கள். சராசரி உயர்ந்தாலும் கடைசி வரிசை அப்படியே இருக்கலாம். அறிக்கையில் அது தெரியவும் செய்யாது. ‘எல்லோரும்’ என்று சொல்லிவிட்டால் பிறகு ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஸ்லேவின் 1975இல் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே தங்கியவர். அவர் முதலில் கைவைத்தது வேறொரு சிக்கலில். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1970களில் பேருந்துகளில் ஏற்றிக் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தார்களே தவிர ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஸ்லேவினும் சகாக்களும் நான்கு நான்கு பேராகக் குழு பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் இனம், பால், படிப்புத் திறன் எல்லாம் கலந்திருக்கும். சேர்ந்து படிப்பார்கள், தேர்வைத் தனித்தனியாக எழுதுவார்கள், பரிசு குழுவுக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எனக்கு அவருடைய மொத்த வேலையிலும் மிகவும் பிடித்தது அதுதான். பிள்ளை குழுவுக்குக் கொண்டுவரும் புள்ளி, அது வாங்கிய மதிப்பெண்ணைப் பொறுத்ததல்ல; தன்னுடைய பழைய சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக வாங்கியது என்பதைப் பொறுத்தது. 90 வாங்குகிறவன் 90 வாங்கினால் குழுவுக்குப் பெரிய லாபமில்லை. 40 வாங்குகிற பெண் 52 வாங்கிவிட்டால் அவளால்தான் குழு ஜெயிக்கிறது. அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் தாங்களாகவே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். இனம் தாண்டிய நட்பு கூடியது என்பதை ஆய்வுகள் காட்டின. குழுவாகக் கற்றல் என்று இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தரப்படுவதில் பெரும் பங்கு இந்தக் காலத்து வேலையிலிருந்து வந்தது. நடைமுறையில் பல இடங்களில் மேசையை நகர்த்திப் போடுவதோடு அது முடிந்துபோகிறது. அந்தப் புள்ளிக் கணக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1987ஆம் கல்வியாண்டில் பால்டிமோரின் அபட்ஸ்டன் தொடக்கப்பள்ளியில் ‘சக்சஸ் ஃபார் ஆல்’ தொடங்கியது. வடிவமைத்தவர்கள் ஸ்லேவினும், ஆய்விலும் வாழ்க்கையிலும் துணைவரான நான்சி மேடனும்.

காலையில் 90 நிமிடம் வாசிப்பு. அந்த நேரத்தில் வேறு எதுவும் குறுக்கிடக் கூடாது. மணி அடித்ததும் பிள்ளைகள் தங்கள் வகுப்பைவிட்டு, அவரவர் வாசிப்பு நிலைக்கேற்ற அறைக்குப் போவார்கள். முதல் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கலாம். 1950களில் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் என்ற ஊரில் செய்து பார்த்த ஏற்பாடு இது. இதைக் கேட்டதும் நம் ஊர் ‘ஏ செக்‌ஷன்’, ‘பி செக்‌ஷன்’ நினைவுக்கு வரலாம். ஸ்லேவின் அதற்கு நேர் எதிரி. திறமைப்படி வகுப்பு பிரிப்பதால் யாருக்கும் பயனில்லை என்று பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து எழுதியவர் அவர். இங்கே பிரிப்பது வாசிப்பு நேரத்துக்கு மட்டும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சோதித்து இடம் மாற்றுவார்கள். எந்தப் பிள்ளையும் ஒரே அறையில் தேங்கி நிற்காது.

அந்த 90 நிமிடத்தில் பள்ளியிலுள்ள பயிற்சி ஆசிரியர்களும் ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொள்வதால் வகுப்புகள் சிறியவையாகும். மற்ற நேரத்தில் அதே ஆசிரியர்கள், பின்தங்கும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து நாளுக்கு 20 நிமிடம் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை. முதல் உரிமை முதல் வகுப்புக்கு. காத்திருக்க வேண்டாம், தோற்ற பிறகு தூக்கிவிட வேண்டாம், தோற்கும் முன்பே பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. ஆரம்ப வாசிப்புக்கு அவர்கள் தயாரித்த சிறு புத்தகங்களும் சுவாரசியமானவை. ஒவ்வொரு பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஆசிரியர் வாசிக்க வேண்டிய கதை. பெரிய எழுத்தில், பிள்ளைக்குத் தெரிந்த ஒலிகளை மட்டும் வைத்து எழுதிய ஓரிரு வரி. நான்கு எழுத்து மட்டுமே தெரிந்த பிள்ளைகூட ஒரு முழுக் கதையில் பங்கெடுக்க முடியும்.

குடும்ப உதவிக் குழு என்று ஒன்றும் இருந்தது. பிள்ளை ஏன் வரவில்லை, காலையில் சாப்பிட்டதா, வீட்டில் என்ன பிரச்சினை, பலகையில் எழுதுவது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. இவை எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க வகுப்பு எடுக்காத முழுநேர ஆசிரியர் ஒருவர். மறுநாளே செய்யக்கூடிய வேலைகள்தான் எல்லாம். பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்றதும் வருகிற கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சோதனை செய்து பார்வைக் குறை இருக்கிறது என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்புவது அன்றைய பள்ளி வழக்கம். சீட்டு வீடு போய்ச் சேரும், கண்ணாடி வராது. ஸ்லேவின் இதைக் கடைசிவரை விடவில்லை. பால்டிமோரில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கண்ணாடி கொடுத்து வாசிப்பை அளந்த ஆய்வு 2018இல் அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 2016இல் தொடங்கிய ‘விஷன் ஃபார் பால்டிமோர்’ திட்டத்தில் மருத்துவ வண்டி பள்ளி வாசலுக்கே வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண்ணாடி பெற்றார்கள். ஹாப்கின்ஸின் கண் மருத்துவர்களும் அவருடைய ஆய்வு மையத்தினரும் சேர்ந்து 2,304 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. முதல் ஆண்டில் வாசிப்பு கூடியது, தொடக்க வகுப்புகளில் கணக்கும் கூடியது; அதிகம் கூடியது கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கும். படிப்பு ஏறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலருக்குக் குறை கண்ணில் இருந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பிள்ளைகள் கையில் கண்ணாடி உடையும், தொலையும். கொடுத்துவிட்டுப் போனால் போதாது, மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாம் ஆண்டுச் சங்கதிதான் ஸ்லேவினின் முழு வாழ்க்கைப் பணியையும் பின்தொடர்ந்து வந்தது.

அபட்ஸ்டனுக்கு அடுத்த ஆண்டு பால்டிமோரில் மேலும் சில பள்ளிகள் சேர்ந்தன. பிலடெல்பியாவில் கம்போடிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருமளவில் படித்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பள்ளியும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் இரகசியமாக வாக்களித்து 80 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் பள்ளிக்குள் வருவோம் என்று ஸ்லேவினும் மேடனும் நிபந்தனை வைத்தார்கள். மேலிடத்து உத்தரவில் நுழைகிற சீர்திருத்தங்கள் ஆசிரியர் ஓய்வறையில் என்ன பாடுபடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் 48 மாநிலங்களில் 1,500 பள்ளிகளுக்கு மேல் இது நடந்தது. நியூஜெர்சி மாநிலத்தில் 28 ஏழை மாவட்டங்களின் பள்ளிகளைச் சீர்செய்யும் ‘அபட்’ வழக்கில், 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் தொடக்கப்பள்ளிகளுக்கு இதையே முன்மாதிரியாக ஏற்றது. ஒரு பேராசிரியரின் பாடத் திட்டம் நீதிமன்றத் தீர்ப்புக்குள் இடம்பிடிப்பது எங்கும் அடிக்கடி நடப்பதில்லை.

சரி, பலன்? பால்டிமோரின் தொடக்கக்காலப் பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. ஒப்பீட்டுப் பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு வாசிப்பு மேல், ஃபெயிலானவர்கள் குறைவு, சிறப்புக் கல்விக்குப் போனவர்களும் குறைவு. செலவும் மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு பிள்ளையை இரண்டு முறை ஒரே வகுப்பில் உட்காரவைப்பதற்கும் பணம் ஆகிறது. யாரும் அதைச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆய்வு அச்சேறும்போது பால்டிமோர் நகரம் திட்டத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தது. 1990களின் பிற்பாதியில் நிர்வாகம் மாறியது. புது நிர்வாகம் நகரம் முழுக்க வேறொரு வாசிப்புப் பாடத்தொடரை வாங்கியது. டென்னசி மாநிலத்து மெம்பிஸில் இன்னும் மோசம். ஜெர்ரி ஹவுஸ் என்னும் தலைவர் நகரப் பள்ளிகள் அனைத்தையும் ஏதாவது ஒரு சீர்திருத்த மாதிரியை எடுக்கவைத்தார்; அவற்றில் பல சக்சஸ் ஃபார் ஆலை எடுத்தன. அவர் போனதும் 2001இல் அடுத்தவர் எல்லாவற்றையும் ஒரே முடிவில் நிறுத்திவிட்டார். அமெரிக்கப் பெருநகரங்களில் கல்வித் தலைவர் பதவியில் ஒருவர் நிலைப்பது சில ஆண்டுகள்தான். வருகிறவருக்குத் தன் முத்திரை வேண்டும். முந்தையவர் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை.

மத்திய அரசின் கதை வேறு விதம். 2002இல் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் வந்தது. அறிவியல் ஆய்வின் அடிப்படையில் என்ற சொற்றொடர் அதில் நூறு முறைக்கு மேல் வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் வாசிப்புக்கென்றே ஒதுக்கினார்கள். நாட்டிலேயே அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வாசிப்புத் திட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர் ஸ்லேவின். அவருக்கு வாசல் அகலத் திறந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தங்களுக்கு வேண்டிய சில பாடத்தொடர்களின் பக்கமே அதிகாரிகள் மாநிலங்களைத் தள்ளினார்கள். சக்சஸ் ஃபார் ஆல் பள்ளிகளை இழந்தது. ஸ்லேவினின் அறக்கட்டளை புகார் கொடுத்தது. கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட அறிக்கை முறைகேடு நடந்ததை உறுதிசெய்தது; அந்த வாசிப்பு நிதித் திட்டத்தின் இயக்குநர் பதவி விலகினார். போன பள்ளிகள் திரும்பி வரவில்லை.

அவரை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். விமர்சனங்களில் பாதி நியாயமானவை. ஆசிரியர் எந்த நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள், கை சைகையால் வகுப்பை அடக்குகிறார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டாளப் பயிற்சி என்று ஜோனதன் கோசோல் 2005இல் வெளிவந்த நூலில் கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. புறநகர்ப் பணக்காரப் பள்ளியில் யாரும் இப்படி ஒரு கையேட்டை ஏற்க மாட்டார்கள். நல்ல ஆசிரியருக்கு அது மூச்சு முட்டும். ஆனால் வருடத்துக்கு ஒரு புது ஆசிரியர் வந்துபோகிற பள்ளியில் கையேடு இல்லாவிட்டால் என்ன இருக்கும் என்பதற்குக் கோசோலிடம் பதில் இல்லை.

ஸ்டான்லி போக்ரோ போன்றவர்கள் வேறொன்று கேட்டார்கள்: திட்டத்தை உருவாக்கியவரும் அதைச் சோதித்துச் சான்று சொல்பவரும் ஒருவராகவே இருக்கலாமா? கேட்க வேண்டிய கேள்வி. ஸ்லேவின் அதற்குக் கோபப்பட்டுக் கட்டுரை எழுதினார். அதைவிட முக்கியமாக, சீட்டுக் குலுக்கிப் பள்ளிகளைப் பிரிக்கும் சோதனைக்குத் தன் திட்டத்தை உட்படுத்தினார். 41 பள்ளிகள், 11 மாநிலங்கள். ஒப்பீட்டுப் பள்ளியாக இருக்க அதிகம் பேர் முன்வரவில்லை. அதனால் ஒரு பாதிப் பள்ளிகளுக்குக் கீழ் வகுப்புகளிலும் மறுபாதிக்கு மேல் வகுப்புகளிலும் திட்டத்தைக் கொடுத்து, ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பீடாக்கினார்கள். மூன்று ஆண்டு முடிவு 2007இல் வந்தது. வாசிப்பில் தெளிவான முன்னேற்றம். அந்த ஆய்வுக் குழுவிலும் ஸ்லேவினும் மேடனும் இருந்தார்கள். முழுக்க வெளியார் செய்த சோதனை அடுத்துதான் வந்தது. ஒபாமா அரசு 2010இல் கொடுத்த கிட்டத்தட்ட 5 கோடி டாலரில் திட்டத்தை விரிவாக்கினார்கள், எம்.டி.ஆர்.சி. என்னும் தனி ஆய்வு நிறுவனம் 37 பள்ளிகளில் அளந்தது. எழுத்தை ஒலியோடு பொருத்தி வாசிப்பதில் பலன் இருந்தது. படித்துப் பொருள் உணர்வதில் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை. கீழ்நிலையில் தொடங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கூடுதல். புதிதாகச் சேர்க்க நினைத்த 1,100 பள்ளிகளில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை.

இந்த முடிவைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. கீழே இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல் என்ற ஒரு வரியை வைத்துப் பார்த்தால், 1986இல் பால்டிமோர் கேட்டது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

பெரிய பிள்ளைகள் பக்கம் ஹாப்கின்ஸில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994இல் ஹாப்கின்ஸும் கறுப்பினத்தவரின் ஹோவர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து, பின்தங்கும் ஆபத்துக்குத் தள்ளப்பட்ட மாணவர்களுக்கான ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. ஸ்லேவினும் வேட் பாய்கினும் பொறுப்பேற்றார்கள். ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ராபர்ட் பால்ஃபான்ஸ், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் 60 சதவீதம் அல்லது அதற்கும் குறைவானவர்களே பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் உயர்நிலைப் பள்ளிகளைப் பட்டியலிட்டார். நாடு முழுக்க ஏறத்தாழ 2,000 பள்ளிகள் வந்தன. பிலடெல்பியாவில் அவரும் சகாக்களும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தில் ஒரு நாள் பள்ளிக்கு வராத பிள்ளை, கணக்கிலோ ஆங்கிலத்திலோ தவறிய பிள்ளை, நடத்தையில் கெட்ட பெயர் வாங்கிய பிள்ளை ஆகியோரில் உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள் மிகச் சிலரே. பதினோரு வயதிலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

அன்று இடைநிற்றல் என்பது பதினாறு வயதுப் பையனின் முடிவாகப் பார்க்கப்பட்டது. இன்று பல அமெரிக்க மாவட்டங்களில் வருகைப் பதிவேடு ஒரு எச்சரிக்கைப் பலகை. பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் யாராவது விசாரிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியை நான்கு ஆண்டில் முடிப்பவர்கள் 2010-11இல் 79 சதவீதம், 2018-19இல் 86. கணினி முன்னால் சில வாரம் உட்காரவைத்துத் தவறிய பாடத்தை முடித்ததாக எழுதிக்கொடுக்கும் வழக்கமும் இதே காலத்தில் பெருகியதால் அந்த எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன். ஆனாலும் பிள்ளை காணாமல் போவதைப் பள்ளி கவனிக்கத் தொடங்கியது உண்மையான மாற்றம்.

2015 டிசம்பரில் கையெழுத்தான ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டத்தில் ஸ்லேவின் பல ஆண்டுகளாக வாதாடிய ஒன்று இடம்பெற்றது. மருந்தைச் சோதிக்காமல் விற்க முடியாது. பாடத்தொடரை மட்டும் விற்பனைப் பிரதிநிதியின் பேச்சை நம்பி வாங்குகிறோமே என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. புதிய சட்டம் சான்றுகளை வலுவானது, நடுத்தரமானது, நம்பிக்கை தருவது என்று தரம் பிரித்தது. பின்தங்கிய பள்ளிகளைச் சீர்செய்யும் நிதி, இந்த மூன்றில் ஒரு தரத்திலாவது தேறிய முறைக்கே போக வேண்டும். எந்தத் திட்டம் எந்தத் தரம் என்பதைத் தலைமையாசிரியர்கள் பார்த்துக்கொள்ள அவருடைய மையம் எளிய பட்டியல் ஒன்றையும் 2017இல் தயாரித்தது. 1987இல் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் புத்தகம் வாங்கும்போது ஆய்வு உண்டா என்று கேட்டிருக்க மாட்டார். இன்று அந்தச் சீர்செய்யும் நிதியில் வாங்கினால் கேட்பது சட்டக் கடமை. அச்சகங்களும் அதற்கேற்ப, எல்லாப் புத்தக அட்டையிலும் ‘ஆய்வு அடிப்படையிலானது’ என்று போடக் கற்றுக்கொண்டன என்பது வேறு கதை.

கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது ஸ்லேவினுக்கு 69 வயது. தனிப் பயிற்சியை நாடு தழுவிய இயக்கமாக்க வேண்டும், வேலையில்லாப் பட்டதாரிகளை இதற்கு எடுக்கலாம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அபட்ஸ்டனில் 20 நிமிடம், ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை என்று தொடங்கிய அதே வேலை. 2021 மார்ச்சில் மத்திய அரசு பள்ளிகளுக்கு 12,200 கோடி டாலர் ஒதுக்கியது. இழந்த படிப்பை மீட்க அதில் ஒரு பங்கை ஒதுக்கியாக வேண்டும் என்றும் விதித்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 24 அன்று, ஸ்லேவின் மாரடைப்பில் இறந்தார். பணம் மாநிலங்களுக்குப் போனது; பல இடங்களில் பயிற்சி இணையவழி அரட்டைப் பெட்டியாகச் சுருங்கியது; சில இடங்களில் நன்றாக நடந்தது. 2024 செப்டம்பரோடு அந்த நிதியின் கெடு முடிந்தது. பயிற்சியாளர்களில் பலர் வீட்டுக்குப் போனார்கள்.

நிலைத்து நின்று செய்த இடமும் உண்டு. மிசிசிப்பி, நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. 2013இல் அது வாசிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கடைசிப் பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பியது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாதவர்களை நிறுத்திவைக்கவும் செய்தது. அந்தக் கடைசி அம்சத்தை எதிர்க்க ஸ்லேவின் கைவசம் ஏராளமான ஆய்வுகள் இருந்தன. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் 49ஆம் இடத்தில் இருந்த மாநிலம் 2024இல் 9ஆம் இடத்துக்கு வந்தது. அங்கே கல்வித் துறைத் தலைவராக இருந்த கேரி ரைட் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார். வெற்றிக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் முதலில் எண்ணுவது அந்த ஒன்பது ஆண்டுகளை. பால்டிமோருக்கும் மெம்பிஸுக்கும் கிடைக்காதது அதுதான். ரைட் பிறகு மேரிலாந்து மாநிலப் பள்ளிகளுக்குத் தலைவராக வந்தார். பால்டிமோர் அவருடைய எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஸ்லேவின் கட்டிய உலகத்தின் மற்றொரு தூண், கல்வி ஆய்வுக்கென்று 2002இல் உருவான மத்திய அரசு நிறுவனம். எந்தத் திட்டம் பலன் தருகிறது என்று சோதித்துச் சொல்வது அதன் வேலைகளில் முதன்மையானது. 2025 பிப்ரவரியில் அப்போது புதிதாக வந்த அரசு அதன் ஆய்வு ஒப்பந்தங்களில் பெரும் பகுதியை ரத்துசெய்தது. மார்ச்சில் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோரை வேலையைவிட்டு நீக்கியது. சான்று வேண்டும் என்று கேட்கும் சட்டம் அப்படியே இருக்கிறது. சான்று தர வேண்டிய அலுவலகத்தில் அப்போது மிஞ்சியவர்கள் சிலர்தான்.

பள்ளியை மாற்றும் வழி தெரியாததால் பிள்ளைகள் தோற்கிறார்கள் என்று 1986இல் சொல்ல முடிந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. தேசிய மதிப்பீட்டுத் தேர்வின் 2024ஆம் ஆண்டு முடிவுகளில், அமெரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேர் அடிப்படை வாசிப்பு நிலைக்குக் கீழே இருந்தார்கள். 1992இல் அந்த எண் 38.